யார் பெரியவன் என்று தெரியாத தெரு

கொலைச் செய்தியில் காரணம் பெரும்பாலும் அரை வரியில் முடிந்துவிடும்: முன்விரோதம். அது எங்கே தொடங்கியது என்று வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டே போனால், சொல்லவே கூச்சப்படும்படியான ஒரு சங்கதியில் போய் நிற்போம். முறைத்துப் பார்த்தான், பைக்கை உரசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான், சாமி ஊர்வலத்தில் ஆடும்போது இடித்தான், நாலு பேர் முன்னால் 'டா' போட்டான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. ஆதாயத்துக்காக நடந்தவை அவற்றில் 1,884 மட்டுமே. தகராறு என்ற தலைப்பில் 9,962, தனிப்பட்ட பகை என்ற தலைப்பில் 3,761. தகராறு என்பதில் நிலம், வரப்பு, குடும்பச் சண்டை எல்லாம் அடக்கம் என்பதால் அந்த எண்ணை அப்படியே தெருச் சண்டைக் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் பணத்துக்காகக் கொல்பவர்களைவிட தகராறிலும் பகையிலும் கொல்பவர்கள் பல மடங்கு அதிகம் என்பது நிற்கிறது. அமெரிக்காவில் மார்வின் வுல்ஃப்கேங் 1958இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஃபிலடெல்ஃபியாவில் ஐந்து ஆண்டுகளில் நடந்த 588 கொலைகளை அவர் பிரித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'அற்பக் காரணத்தில் மூண்ட வாக்குவாதம்' என்ற கட்டத்தில் போய் விழுந்தன. அற்பம் என்று முத்திரை குத்தியது போலீஸ். கத்தியை எடுத்தவனுக்கு அது அற்பமாகப் படவில்லை. பைக் உரசியதற்காக யாரும் யாரையும் கொல்வதில்லை. உரசியவன் திரும்பிப் பார்க்காமல் போனதை இன்னும் நான்கு பேர் பார்த்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான். தெருக் கும்பல்களின் வன்முறையைக் கோபத்தின் அளவு தீர்மானிப்பதில்லை, வறுமையின் அளவும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. யார் மேல், யார் கீழ் என்ற வரிசை தெளிவில்லாமல் இருக்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்களும் இருக்கும்போது வன்முறை கூடுகிறது. இதை மதுரை செல்லூரை மனதில் வைத்துக்கொண்டு பேசலாம். வைகையின் வடகரையில் கைத்தறியும் பிறகு விசைத்தறியுமாக வளர்ந்த பகுதி அது. கோரிப்பாளையத்துக்கும் தத்தனேரிக்கும் நடுவில் நெருக்கியடித்த சந்துகள். அவற்றில் ஒரு பகுதிக்குப் பெயர் அகிம்சாபுரம். அங்கே வாழ்பவர்களில் ஆகப் பெரும்பாலோர் தறி, கடை, ஆட்டோ, பள்ளிக்கூடம் என்று பிழைப்பைப் பார்ப்பவர்கள். அவர்களை ரவுடி ஊர்க்காரர்கள் என்று சொல்வது அபத்தம். ஆனால் இந்த மாதிரியான ஒரு வட்டாரத்தின் அமைப்பு நம் கேள்விக்கு முக்கியம். இங்கே யாரும் யாருக்கும் முகம் தெரியாதவர் இல்லை. ஒருவன் அறை வாங்கினால் அந்தச் செய்தி அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

அப்படிப் பரவும் பேர் எதற்குப் பயன்படுகிறது? கஞ்சாப் பொட்டலம் விற்பவன், சரக்கைப் பறிகொடுத்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க முடியாது. மீட்டர் வட்டிக்கு விட்டவன், 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கும்போது நீதிமன்றத்தில் வசூல் வழக்குப் போட முடியாது. அடி வாங்கியவன்மேலேயே நாலு வழக்கு இருந்தால் அவனும் ஸ்டேஷன் படியேற யோசிப்பான். சட்டத்தைக் கூப்பிட முடியாத இடத்தில் மனிதர்கள் தாங்களே தண்டனை கொடுக்கத் தொடங்குகிறார்கள் என்று டொனால்டு பிளாக் 1983இல் எழுதினார். குற்றம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு, செய்பவனின் கணக்கில் நியாயம் கேட்பது. தண்டனை கொடுப்பதோ ஆபத்தான வேலை. எதிராளியிடமும் கத்தி இருக்கும். 'அவன்கிட்ட வச்சுக்காதே' என்ற பேச்சு ஊரில் பரவிவிட்டால் தினமும் கத்தி தூக்க வேண்டியதில்லை. பேரே வசூல் செய்துவிடும். எலைஜா ஆண்டர்சன் 1999இல் ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினக் குடியிருப்புகளைப் பற்றி எழுதிய நூலில், சண்டையை விரும்பாத நல்ல குடும்பத்துப் பையன்கள்கூட இந்த மொழியைக் கற்றுக்கொள்வதைக் காட்டினார். காரணம் பயம்தான். ஒரு முறை வாங்கிக்கொண்டு சும்மா போனவன் அடுத்த வாரமும் வாங்குவான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் பேர் பெற்றவர்கள் இருக்கும் தெருவில் அமைதி நிலவ வேண்டும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எவனிடம் ஒதுங்க வேண்டும் என்பதும் தெரியும். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெரிய கையை, நேற்று மீசை முளைத்த பையன் முறைப்பதில்லை. முறைத்தாலும் பெரிய கை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சிரித்துவிட்டுப் போக முடியும். அடிதடி எங்கே என்றால் நடுவில். ஒரே வயது, ஒரே அளவு வழக்கு, ஒரே அளவு ஆட்கள். இதை முறையான வாதமாக வைத்தவர் சமூகவியலாளர் ரோஜர் கூல்ட். அவர் இறந்தபின் 2003இல் வெளிவந்த நூலில், கோர்சிகா தீவின் 19ஆம் நூற்றாண்டு வழக்குகளிலிருந்து பல சான்றுகளை எடுத்துக்கொண்டு, மேல் கீழ் தெளிவாக உள்ள உறவுகளைவிட அது தெளிவில்லாத உறவுகளில்தான் மோதல் எளிதில் உயிர்ப்பலியாகிறது என்றார். முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையில் யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டு கூட்டாளிகளுக்கு இடையில் அது எப்போதும் எழும். டியகோ கம்பெட்டா சிறைச்சாலைகளைப் பார்த்து இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: கைதிகளுக்கு ஒருவரையொருவர் தெரியாதபோதுதான் சண்டை அதிகம். எவன் எப்படிப்பட்டவன் என்ற தகவல் இல்லாத இடத்தில், அந்தத் தகவலைத் தயாரிக்கும் வழி அடித்துப் பார்ப்பது.

மதுரையில் இந்த வரிசையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தெருமுனையில் கட்டியிருக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் முன்னால் நின்றால் போதும். நடுவில் இறந்தவரின் முழு உருவம், பெரும்பாலும் கூலிங்கிளாஸோடு. அதற்குக் கீழே வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். மேல் வரிசையில் இருப்பவர்களின் படம் சற்றுப் பெரிது. பெயருக்கு முன்னால் பட்டப்பெயர். கடைசி வரிசைக்குப் போகப் போகப் படமும் எழுத்தும் சிறுத்துக்கொண்டே வரும். எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்பதை டிசைன் செய்யும் கடைக்காரர் முடிவு செய்வதில்லை. இரண்டாம் வரிசைக்காரனுக்கு முதல் வரிசையில் இடம் கிடைக்காமல் போவதும், போன வருட ஃபிளக்ஸில் இருந்தவன் இந்த வருடம் இல்லாமல் போவதும் சாதாரண விஷயங்கள் அல்ல. கோயில் திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போகிற வட்டாரம் இது. பரிவட்டத்துக்கு அடித்துக்கொள்ளும் பெரிய மனிதர்களும் ஃபிளக்ஸ் வரிசைக்கு அடித்துக்கொள்ளும் பையன்களும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்கள். பெரிய மனிதர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது.

எல்லாம் பணம்தான், கௌரவம் என்பது மேல்பூச்சு என்று சொல்பவர்கள் உண்டு. மணல், ரியல் எஸ்டேட், வட்டி, கஞ்சா எல்லாவற்றிலும் பணம் புரள்வது மெய்தான். ஆனால் அது யார் கைக்குப் போகிறது? ஸ்டீவன் லெவிட்டும் சென்னையில் பிறந்த சுதிர் வெங்கடேஷும், சிகாகோவில் போதைப்பொருள் விற்ற ஒரு கும்பலின் கணக்கு நோட்டையே வாங்கி ஆராய்ந்து 2000இல் கட்டுரை எழுதினார்கள். கும்பலின் அடிமட்டத்தில் உயிரைப் பணயம் வைத்து நின்ற பையன்கள் சம்பாதித்தது, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைத் தாண்டவில்லை. அவர்களில் பலர் கூடவே வேறு கூலி வேலையும் பார்த்தார்கள். நம் ஊரில் கொலை வழக்கில் சரணடையும் இருபது வயதுப் பையனின் வீட்டு நிலையைப் பார்த்தாலும் 'எல்லாம் பணம்தான்' என்ற கணக்கு உதைக்கும். பணம் மேலே இருப்பவர்களின் காரணம். கீழே இருப்பவனுக்கு, என்றாவது மேலே போகலாம் என்ற நம்பிக்கையும், அது வரைக்கும் தெருவில் கிடைக்கும் 'அண்ணே'யும்தான் கூலி. படிப்பும் வேலையும் அந்த 'அண்ணே'யை இவ்வளவு சீக்கிரம் தருவதில்லை.

'மதுரை மண்ணே அப்படி' என்பது இன்னொரு மறுப்பு. இதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் பெருமையாகச் சொல்கிறார்கள். 2000களில் வந்த மதுரைப் படங்கள் அரிவாளை இந்த ஊரின் அடையாளச் சின்னமாகவே ஆக்கிவிட்டன. ஆனால் 2022 கணக்கின்படி தமிழ்நாட்டின் கொலை விகிதம் நாட்டின் சராசரியை ஒட்டி, லட்சம் பேருக்கு இரண்டுக்குச் சற்று மேல். 1994இல் சிகாகோ நகரம் ஒன்றில் மட்டும் 900க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அது நம்மைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ரத்தத்திலேயே வன்முறை ஊறிய மக்கள் என்ற எண்ணத்துக்கு இந்த வட்டாரத்தில் ஒரு கொடிய வரலாறும் உண்டு. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் அந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டது. கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ரத்தம் காரணம் என்றால் ஒரே தெருவில் பிறந்த அண்ணன் தறி ஓட்டுவதையும் தம்பி வழக்கில் மாட்டுவதையும் விளக்க முடியாது. அதே தம்பி முப்பது வயதில் கல்யாணம் முடித்து அடங்கிப்போவதையும் விளக்க முடியாது.

கூல்ட் சொன்னதற்கு நம் மண்ணிலிருந்தே எழும் எதிர்ப்புதான் இவற்றைவிடக் கனமானது. சமமானவர்களுக்கு இடையில்தான் வன்முறை என்றால், சாதி வன்முறை என்ன? சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் 2018 மே 28 இரவு தலித் குடியிருப்புக்குள் புகுந்து மூன்று பேரை வெட்டிக் கொன்றார்கள். 2022இல் இந்த வழக்கில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே இரு தரப்பும் சமமாக இருக்கவில்லை. ஆனால் உடனடிக் காரணமாகப் பேசப்பட்டது எது என்று பார்த்தால், கோயிலருகே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது, மரியாதை கொடுக்காதது. பழைய வரிசை கேள்வி கேட்பாரின்றி இருந்தவரை அன்றாட அவமானமே வேலையைச் செய்தது, அரிவாள் தேவைப்படவில்லை. அடுத்த தலைமுறை படித்து, சம்பாதித்து, நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் வரிசை கலங்கியது. ஆகவே கூல்டின் வாதத்தை இந்த ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள வேண்டும்: சமத்துவம் மட்டும் அல்ல, சமத்துவத்தை நோக்கிய நகர்வும் மேலே இருப்பவனின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது. தெருக் கும்பலின் வன்முறையோடு இதைச் சேர்த்துக் குழப்பிவிடவும் கூடாது. அங்கே இருவர் ஒரே படிக்கு மோதுகிறார்கள். இங்கே ஒரு தரப்பு, மற்றவர் படியில் கால் வைப்பதையே குற்றமாக்குகிறது.

இனி பார்ப்பவர்கள். டேவிட் லக்கன்பில் 1977இல் கலிஃபோர்னியாவின் ஒரு மாவட்டத்தில் நடந்த 70 கொலை நிகழ்வுகளை ஒவ்வொரு பேச்சாக, ஒவ்வொரு அசைவாக மீட்டுருவாக்கினார். பத்தில் ஏழு நிகழ்வுகள் பார்வையாளர் முன்னால் நடந்தவை. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பார்வையாளர்கள் ஏதாவது ஒரு வகையில் தூண்டிவிட்டார்கள். மற்றவற்றில் சும்மா நின்றார்கள், சும்மா நின்றதே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இதை மட்டும் படித்தால் கூட்டம்தான் கொலைகாரன் என்று தோன்றும். ஆனால் லக்கன்பில் பார்த்தது கொலையில் முடிந்த சண்டைகளை மட்டும். முடியாத சண்டைகள்? 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் பக்கத்தில் இருந்த ஒருவராவது விலக்க முயன்றிருந்தார். நம் தெருக்களில் இது தினசரிக் காட்சி. 'விடுறா, இன்னைக்கு அவனா நானான்னு பாத்துர்றேன்' என்று ஒருவன் திமிறுவான். இரண்டு பேர் அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுப்பார்கள். உற்றுப் பார்த்தால், பிடித்திருப்பவர்களின் பிடி தளர்ந்தால் திமிறலும் தளரும். 'அவனுக்கு என்ன பயமா, நாங்கதான் பிடிச்சுக்கிட்டோம்' என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருவருக்கும் கிடைக்கிறது. முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு பின்வாங்க இதைவிட மலிவான ஏற்பாட்டை எந்தச் சமூகமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஒரே கூட்டம்தான் கொலையையும் நடத்திவைக்கிறது, விலக்கியும் வைக்கிறது. செல்போன் வந்த பிறகு இந்தச் சமநிலை மாறியது. வீடியோ பார்ப்பவர்கள் யாரும் இடுப்பைக் கட்டிப் பிடிக்க முடியாது. அரிவாளோடு ரீல்ஸ் போடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் வெறும் பந்தா என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிகாகோ இளைஞர்களோடு பழகி ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் 2020இல் எழுதிய நூலும் ஆன்லைன் மிரட்டல்களில் பெரும்பாலானவை தெருவுக்கு வருவதில்லை என்றே சொல்கிறது. ஆபத்து அந்த மிச்சத்தில் இருக்கிறது: அவமானம் பத்துப் பேர் பார்த்ததோடு முடியாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கொலை விழுந்த பிறகு கணக்கு தனிமனிதன் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஆண்ட்ரூ பாப்பாகிறிஸ்டோஸ் 2009இல் சிகாகோ கும்பல் கொலைகளை ஒரு வலையாக வரைந்தார்: ஒவ்வொரு கும்பலும் ஒரு புள்ளி, ஒவ்வொரு கொலையும் ஓர் அம்பு. போன அம்புக்குத் திரும்பி வரும் அம்பு இருந்தது. ஆண்டுகள் கழித்தும், ஆட்கள் மாறியும், அம்புகளின் அமைப்பு நீடித்தது. மதுரை கீரைத்துறை வட்டாரத்தில், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு முன்னாள் மாநகராட்சி மண்டலத் தலைவர்களின் தரப்புகளுக்கு இடையே 2000களின் தொடக்கத்தில் மூண்ட பகை இதற்கு அப்படியே பொருந்தும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அதில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2025 மார்ச்சில் தனக்கன்குளத்தில் நடந்த கொலையும், அதில் தேடப்பட்டவர் அந்த மாதக் கடைசியில் போலீஸ் என்கவுன்ட்டரில் இறந்ததும் அதே சங்கிலியின் கண்ணிகள். பகை தொடங்கியபோது பால்குடி மாறாதவர்கள் இப்போது அரிவாள் தூக்குகிறார்கள். அவர்களுக்கு எதிராளிமேல் சொந்தக் கோபம் இருக்க வாய்ப்பு குறைவு. இருப்பது ஒரு பாக்கி. இறந்தவரின் நினைவு நாள் நெருங்கும்போது போலீஸ் பாதுகாப்பைக் கூட்டுவது வெறும் சம்பிரதாயம் அல்ல. அந்த நாளுக்குள் பதில் சொல்லவில்லை என்றால் ஃபிளக்ஸ் கட்டியவர்களின் பேர் போகும்.

இங்கே அரசும் ஒரு பார்வையாளர்தான், அதுவும் மதிப்பெண் போடும் பார்வையாளர். தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. நிர்வாகத்துக்கு அது தேவைதான். ஆனால் 'ஏ பிளஸ் ரவுடி கைது' என்று செய்தி வரும் நாளில், அந்த வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த முதல் முதல் வகுப்புச் சான்றிதழ் அது. 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஓராண்டு உள்ளே போய் வந்தவனுக்குத் தெருவில் மதிப்புக் குறைவதில்லை, கூடுகிறது. போலீஸில் பிடிபட்டவர்களை மாவுக்கட்டுப் போட்ட கையோடு எடுத்த படங்கள் சமூக ஊடகங்களில் சிரிப்புக்காகப் பகிரப்படுகின்றன. அவமானப்பட்டவன் அந்தப் பாக்கியைத் தீர்க்கப் போலீஸிடம் போக முடியாது, தன்னைவிடச் சின்னவன் ஒருவனிடம்தான் போவான். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைச் சுற்றிவளைத்து எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். அரிவாளால் கேக் வெட்டும் காட்சி வெளியானது. அதற்கு முன் வட்டாரத்துக்கு வெளியே அதிகம் தெரியாத அவரை, ஒரு வாரத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது; அதன் பிறகு அரிவாள் கேக் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தலைகளைத் தூக்கினால் எல்லாம் அடங்கும் என்ற நம்பிக்கைக்கும் சான்று போதாது. மெக்சிகோவில் கும்பல் தலைவர்கள் பிடிபட்ட பிறகு அந்தந்த வட்டாரங்களில் கொலைகள் கூடின என்று 2015இல் வந்த ஆய்வு காட்டியது. மேலே ஒருவன் போனால் அடுத்தவன் யார் என்ற கேள்வி திறக்கிறது. நம் வாதம் சரியென்றால் அப்படித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் எது வேலை செய்கிறது? பாஸ்டனில் 1996இல் தொடங்கிய சீஸ்ஃபயர் திட்டம் கும்பல் ஆட்களைக் கூட்டி வைத்து, உங்களில் ஒருவன் சுட்டாலும் கும்பல் மொத்தத்தின் மீதும் சட்டம் பாயும் என்று சொன்னது. வேலை, படிப்புக்கு உதவியும் தந்தது. இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு செய்தார்கள். அந்த வீழ்ச்சியில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் விவாதம் உண்டு. திட்டத்தை வடிவமைத்தவர்கள் சொன்ன ஒரு விளக்கம் நமக்கு முக்கியம்: சண்டைக்கு வரவில்லை என்று சொல்ல, கோழை என்ற பேர் வாங்காத ஒரு சாக்கு பையன்களுக்குக் கிடைத்தது. 'எனக்கென்ன பயம், ஒருத்தன் செஞ்சா எல்லாரும் மாட்டிக்குவோம்.' இடுப்பைக் கட்டிப் பிடிக்கும் வேலையை அங்கே அரசு செய்தது. செல்லூரில் அதற்கு ஈடான ஒன்று கபடி. வீரர்களின் சிலைகளோடு ஒரு ரவுண்டானாவே அங்கே இருக்கிறது. கபடியிலும் முறைப்பு உண்டு, தொடை தட்டல் உண்டு, தோற்றவன் கோபமும் உண்டு. சில போட்டிகள் கைகலப்பிலும் முடிந்திருக்கின்றன. ஆனால் யார் பெரியவன் என்ற கேள்விக்கு நாற்பது நிமிடத்தில் பதில் கிடைக்கிறது, புள்ளி எழுத ஆள் இருக்கிறது, தோற்றவன் அடுத்த வாரம் திரும்பி வந்து பதிலை மாற்ற முடிகிறது.

நீதிமன்றங்களும் அறிந்தோ அறியாமலோ இந்த வழியில் ஒன்றைச் செய்துவருகின்றன. ஜாமீனில் விடும்போது, சொந்த ஊருக்குப் போகாமல் வேறு ஊரில் தங்கி அங்குள்ள காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் கையெழுத்து என்றால் எதிராளிக்கு நேரமும் வழியும் தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்டுத் திரும்பும் வழியில் வெட்டுப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் பலர். வெளியூரில் ஆபத்தும் குறைவு, பார்ப்பதற்கு ஆளும் இல்லை. இந்த வாதத்தின்படி அது நல்ல ஏற்பாடு. ஆனால் பகை முற்றிய இடத்தில் அதன் எல்லையும் தெரிகிறது. கீரைத்துறைப் பகையில் ஒரு தரப்பின் தலைவரை 2023 செப்டம்பரில் ஒரு கும்பல் சூழ்ந்து வெட்டியது பெங்களூருவில் ஓர் ஓட்டலில். மதுரையில் இருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கே அவர் வெளியூர்க்காரர். செய்தி போய்ச் சேர வேண்டியவர்கள் மதுரையில் இருந்தார்கள்.